எஞ்சினுக்கு மணி சொல்லும் இரு கருவிகள்

மோட்டார் கார் எஞ்சினைப் பற்றிய கட்டுரைக்குப் பெண்கள் பள்ளி ஆண்டு மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இயற்பியல் வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் பற்றிப் படிக்கிறோம். காந்தத்தையும் கம்பிச்சுருளையும் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். அதே பாடம் நம் தெரு வழியாகப் போகும் பெட்ரோல், டீசல் கார்களுக்குள் ஒவ்வொரு நொடியும் நடந்துகொண்டிருக்கிறது. புத்தகத்தில் படித்ததை வீதியில் கண்டுகொள்வது நல்ல கல்வியல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்புகிறது. பட்டறையில் ஒருவர் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் பாட்டரியை மாற்றச் சொல்கிறார். பணம் போகிறது, குறை போகவில்லை. இத்தகைய தொல்லைக்குப் பல வேளைகளில் காரணமாயிருப்பது கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சென்சார், அதாவது உணரும் கருவி. அதன் பெயர் கிராங்க் ஷாப்ட் சென்சார். அதற்குத் துணையாக இருப்பது கேம் ஷாப்ட் சென்சார். இவ்விரண்டும் என்ன செய்கின்றன, ஏன் இரண்டு வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு வீச்சுகள், இரண்டு சுற்றுகள்

ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஆட்டோ 1876-ஆம் ஆண்டில் செய்து காட்டிய நான்கு வீச்சு முறைதான் இன்றைய கார்களின் பெட்ரோல் எஞ்சின்களுக்கு அடிப்படை. எஞ்சினில் உள்ள சிலிண்டர் என்னும் குழலுக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கி, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் மேலே ஏறி அக்கலவையை அமுக்குகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி பறக்கிறது. கலவை எரிந்து விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது மூன்றாவது வீச்சு. நான்காம் வீச்சில் பிஸ்டன் மீண்டும் மேலே ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கில் மூன்றாவது வீச்சு ஒன்றே நமக்கு வேலை செய்து கொடுக்கிறது. மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமும் துப்புரவுமே.

மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனால் சக்கரம் எப்படிச் சுழல்கிறது? வீட்டிலுள்ள மிதி தையல் இயந்திரத்தைப் பாருங்கள். மிதிபலகை ஏறி இறங்குகிறது. அதனோடு இணைந்த கம்பி பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சினில் இதே வேலையைச் செய்வது கிராங்க் ஷாப்ட் என்னும் வளைந்த தண்டு. பிஸ்டன் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறினால் இத்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே நான்கு வீச்சுகளும் முடிய இரண்டு சுற்றுகள், அதாவது 720 பாகைகள் வேண்டும்.

காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள் என்னும் சிறு கதவுகள் உள்ளன. இவற்றைத் திறப்பது கேம் ஷாப்ட் என்னும் மற்றொரு தண்டு. ஒவ்வொரு வால்வும் நான்கு வீச்சுகளுக்கு ஒருமுறை திறந்தால் போதும். ஆதலால் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும்படி, பல் வைத்த பெல்ட்டாலோ சங்கிலியாலோ இரண்டையும் பிணைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வருவதெல்லாம் இதை ஒட்டியதே.

தீப்பொறி எப்போது வேண்டும்?

பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் பொறி கொடுத்தால் சரிதானே என்று தோன்றும். அப்படியன்று. பொறி பட்டதும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. அதற்குச் சுமார் 2 மில்லி விநாடி பிடிக்கிறது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறு. இது மிகச் சிறிய பொழுதுதான். ஆனால் எஞ்சினுக்கு அது சிறிய பொழுதன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. எனவே 2 மில்லி விநாடியில் கிராங்க் ஷாப்ட் 36 பாகை சுழன்றுவிடும். உச்சியில் பொறி கொடுத்தால், கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே வெகுதூரம் போய்விட்டிருக்கும். தள்ளவேண்டிய தருணம் தவறிப்போகும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்னதாகவே பொறி பறக்கவேண்டும். அதே எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் மெல்ல ஓடும்போது ஒரு சுற்றுக்கு 75 மில்லி விநாடி ஆகிறது. அப்போது 2 மில்லி விநாடியில் சுழல்வது 10 பாகைக்கும் குறைவே. எனவே அவ்வளவு முன்னதாகப் பொறி வேண்டியதில்லை.

பொறி பிந்தினால் பெட்ரோல் வீணாகி எஞ்சின் சூடேறுகிறது. மிகவும் முந்தினால் ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்தே கலவை தள்ளுகிறது. எஞ்சினுக்குள் டக் டக் என்று தட்டும் ஓசை எழுகிறது. 3000 சுற்று வேகத்தில் ஒரு பாகை என்பது ஒரு விநாடியில் 18,000-இல் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமாக நேரம் பார்க்க வேண்டுமானால், தண்டு இந்தக் கணத்தில் எந்தப் பாகையில் நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் காலம்

முற்காலத்தில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கருவி செய்தது. அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த பாட்டரி வழிப் பொறிமுறை 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. அம்முறையின் வழிவந்த டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் அம்பாசடர், பிரிமியர் பத்மினி கார்களில் நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டு கேம் ஷாப்ட்டைப் போலவே அரை வேகத்தில் சுழலும். அதன் தலையிலுள்ள ரோட்டார் எந்தச் சிலிண்டரை நோக்கி நிற்கிறதோ அதற்குப் பொறி போகும். வேகத்துக்கேற்பப் பொறியை முந்தச் செய்ய இரண்டு சிறு எடைகள் உள்ளே இருந்தன. வேகம் கூடக் கூட அவை விரிந்து நேரத்தை முன்னே தள்ளும்.

அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அதிலுள்ள 'பாயிண்ட்' என்னும் இரு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுத் தேயும். நேரம் மெல்ல மெல்லப் பிசகும். மெக்கானிக் அடிக்கடி இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. தேயாத முறை ஒன்று தேவைப்பட்டது.

1979-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 'மோட்ரானிக்' என்னும் ஏற்பாட்டைப் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் கொண்டுவந்தது. பெட்ரோல் தெளிப்பதையும் பொறி கொடுப்பதையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்தது. தண்டின் நிலையை அறிய எஞ்சினின் பின்புறமுள்ள பெரிய சக்கரத்தின் அருகே சென்சார்களைப் பொருத்தினார்கள். அங்கே எதுவும் எதையும் தொடவில்லை. ஆகவே எதுவும் தேயவில்லை. எனினும் பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட ரோட்டார் அப்போதும் இருந்தது. பின்னர் வந்த கார்களில் அதையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் வைத்தார்கள்.

பல் எண்ணும் காந்தம்

இப்பொழுது கிராங்க் ஷாப்ட் சென்சாரைத் திறந்து பார்ப்போம். அதன் ஒரு வகையில் இருப்பவை மூன்றே பொருள்கள்: ஒரு நிலைக்காந்தம், ஓர் இரும்பு உள்ளகம், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச்சுருள். அவ்வளவுதான். இதன் முன்னே, சுமார் ஒரு மில்லி மீட்டர் இடைவெளி விட்டு, கிராங்க் ஷாப்ட்டோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புப் பற்சக்கரம் இருக்கிறது.

ஒரு பல் நெருங்கி வரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் கூடுகிறது. பல் விலகும்போது குறைகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். இதுவே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய அவர் கண்ட உண்மை, இன்று ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்னலையாகக் கம்ப்யூட்டரைச் சென்று சேர்கிறது.

பற்களை எண்ணினால் வேகம் தெரியும். ஆனால் எண்ணுவதை எங்கே தொடங்குவது? எல்லாப் பற்களும் ஒன்றுபோலிருந்தால் முதற் பல் எது, கடைசிப் பல் எது என்று தெரியாதல்லவா? ஜெபமாலையைக் கையில் எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே அளவான மணிகளை மட்டும் கோத்தால், கண்மூடி உருட்டும்போது எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. இடைவெளி விட்டுத் தனியாக வரும் மணி விரலில் பட்டதும் இடம் புரிந்துவிடுகிறது.

பாஷ் முறையைப் பின்பற்றும் பல எஞ்சின்களிலும் இதே உபாயந்தான். சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் 6 பாகை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு பற்களை வெட்டிவிட்டு 58 மட்டும் வைத்திருப்பார்கள். பற்கள் ஒரே சீராக வந்துகொண்டிருக்கையில், திடீரென்று மூன்று மடங்கு நேரம் ஒரு வெறுமை வரும். உடனே கம்ப்யூட்டர், 'இதோ அடையாளம்' என்று அறிந்து, அதிலிருந்து பற்களை எண்ணத் தொடங்கும். இத்தனையாவது பல் வரும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும் என்பது அதன் நினைவில் எழுதப்பட்டிருக்கிறது. போர்டு நிறுவனத்தின் பல எஞ்சின்களில் 36 இடங்களில் ஒரு பல் மட்டும் விடப்பட்டிருக்கும். எண்ணிக்கை வேறானாலும் தத்துவம் ஒன்றே. இல்லாத பல்தான் இங்கே இடத்தைச் சொல்கிறது.

கடிகாரம் சொல்லாத செய்தி

இவ்வளவு தெரிந்தபின் இரண்டாவது சென்சார் எதற்கு?

பகலில் அயர்ந்து தூங்கி எழுந்தவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மணி ஆறு. விடியற்காலை ஆறா, மாலை ஆறா? கடிகாரம் அதைச் சொல்லாது. சிறிய முள் நாளொன்றுக்கு இரண்டு முறை சுற்றி வருகிறது. ஆறு மணியும் இரண்டு முறை வருகிறது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை அறிய அவள் ஜன்னலைத் திறந்து, சூரியன் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எஞ்சினிலும் இதே நிலைதான். நான்கு வீச்சுகள் முடிவதற்குள் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை கலவையை அமுக்கிக்கொண்டு வருகிறது. மறுமுறை புகையை வெளியேற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வேளையும் கிராங்க் ஷாப்ட் நிற்கும் பாகை ஒன்றே. பற்சக்கரம் காட்டும் அடையாளமும் ஒன்றே. முதல் வருகையில் பொறி வேண்டும். இரண்டாவதில் பொறியால் பயனில்லை. எது எந்த வருகை? கிராங்க் சென்சாருக்குத் தெரியாது.

கேம் ஷாப்ட்டோ நான்கு வீச்சுகளுக்கு ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. அதில் ஓர் அடையாளம் வைத்தால் அது ஒருமுறைதான் வரும். அந்த அடையாளத்தைப் பார்ப்பதே கேம் சென்சாரின் வேலை. கிராங்க் சென்சார் கடிகாரம் என்றால், கேம் சென்சார் ஜன்னல். ஜன்னலை மட்டும் பார்த்தால் காலையா மாலையா என்பது தெரியும். ஆறு மணி மூன்று நிமிடம் என்பது தெரியாது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் நிமிடம் தெரியும்; பொழுது தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் நேரம்.

கேம் சென்சார் பெரும்பாலும் வேறொரு வகை. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எட்வின் ஹால், 1879-ஆம் ஆண்டில் மெல்லிய பொன் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை வைத்துப் பார்த்தார். தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. இதற்கு ஹால் விளைவு என்று பெயர். பொன் தகட்டுக்குப் பதிலாக இன்று சிறு குறைகடத்தித் துண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஹால் சென்சாருக்கு ஒரு சிறப்பு உண்டு. பாரடே வகைச் சுருளில் பல் மெல்ல நகர்ந்தால் மின்னழுத்தமும் மெலிந்துவிடும்; நின்றுவிட்டால் ஒன்றுமேயில்லை. ஹால் சென்சாரோ தண்டு எவ்வளவு மெல்லச் சுழன்றாலும் 'இருக்கிறது, இல்லை' என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். ஆகவே அதில் பொதுவாக மூன்று கம்பிகள் இருக்கும். சுருள் வகைக்கு இரண்டு கம்பிகளே போதும். இப்போது பல கார்களில் கிராங்க் சென்சாரும் ஹால் வகையைச் சார்ந்ததாகவே வருகிறது.

சாவியைத் திருப்பிய முதல் நொடி

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை மெதுவாகச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.3 விநாடி. அதற்குள் விடுபட்ட பற்களின் வெறுமை ஒருமுறை சென்சாரின் முன்னே வந்துவிடும். கம்ப்யூட்டர் அதைக் கண்டதும், கேம் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்து, 720 பாகைகளில் எஞ்சின் எங்கே நிற்கிறது என்று முடிவு செய்யும். பிறகு நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் வழங்கும் 1, 3, 4, 2 என்ற வரிசைப்படி பெட்ரோலும் பொறியும் போகத் தொடங்கும். டீசல் எஞ்சினில் பொறி இல்லை. ஆயினும் டீசலை எந்தக் கணத்தில் தெளிப்பது என்பதை இச்சென்சார்களே சொல்கின்றன. இத்தனையும் நாம் இருக்கையில் சரியாக உட்காருவதற்குள் நடந்து முடிகிறது.

ஒரு தவறிய கைத்தட்டு

கிராங்க் சென்சாருக்கு இன்னொரு அரிய பணியும் உண்டு. கும்மியடிக்கும்போது எல்லோரும் சீராகக் கை தட்டுகிறோம். ஒருத்தி ஒரு தட்டுத் தவறினால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கும் அது தெரிந்துவிடும். எஞ்சினிலும் ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் தண்டு சற்றே விரைகிறது. ஒன்று எரியத் தவறினால் அடுத்த சில பற்கள் இம்மியளவு பிந்தி வரும். கம்ப்யூட்டர் அந்தப் பிந்தலை அளந்து, தவறியது எந்தச் சிலிண்டர் என்பதையும் கண்டுபிடிக்கிறது.

இது வெறும் வேடிக்கையன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போனால் அங்கே நச்சுப்புகையைத் தூய்மையாக்கும் விலையுயர்ந்த பாகம் சூடேறிக் கெட்டுவிடும். நாம் மூச்சிழுக்கும் காற்றும் கெடும். எனவேதான் அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய கார்கள் அனைத்தும் இத்தகைய தவறுகளைத் தாமே கண்டு விளக்கெரித்துக் காட்டவேண்டும் என்று விதித்தார்கள். இந்தியாவிலும் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. பல்லெண்ணும் அந்தச் சிறு கருவி நம் நுரையீரலுக்கும் காவலாயிருக்கிறது.

குறை எப்படி வருகிறது?

சென்சார் இருக்கும் இடம் சுகமான இடமன்று. பக்கத்தில் எஞ்சினின் சூடு, எண்ணெய், ஓயாத அதிர்ச்சி. சுருளிலுள்ள கம்பி தலைமயிர் போன்றது. அதில் ஒரு விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் நாம் கூறிய கார், சூட்டில் நின்று அரை மணி கழித்துக் கிளம்பியதற்கு இதுவே காரணமாயிருக்கலாம். பற்களைக் காணாத கம்ப்யூட்டர், எஞ்சின் சுழலவில்லை என்றே எண்ணிப் பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடுகிறது. கேம் சென்சார் மட்டும் கெட்டால் பல கார்கள் நின்றுவிடுவதில்லை. கிளம்பத் தாமதிக்கும், இழுவை குறையும், எஞ்சின் விளக்கு எரியும்.

சில வேளைகளில் சென்சாரில் குறையே இராது. காந்தமாகையால் அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும். பற்சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடிப்போகும். அல்லது அதற்குச் செல்லும் கம்பியின் மேலுறை உராய்ந்து கிழிந்திருக்கும்.

கம்பியின் மேலுறை என்றதும் ஒரு பெண்மணியின் நினைவு வருகிறது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்ஸைமுக்குப் போனார். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதற்கு முன் எவரும் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையை அதன்மேல் சுற்றி ஓட்டினார் என்று அப்பயணத்தைப் பற்றிக் கூறுகிறார்கள். எஞ்சின் பெண்களுக்கு ஆகாத பொருள் என்று எவராவது சொன்னால், உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்தை நடத்தி, வழியில் வந்த பழுதையும் நீக்கியவர் ஒரு பெண் என்று நாம் விடை சொல்லலாம்.

சாட்சி வேறு, தீர்ப்பு வேறு

பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. எஞ்சின் விளக்கு எரிந்தால் பட்டறையில் ஸ்கேனரை இணைத்துப் பார்க்கிறார்கள். பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்றுப்பாதையில் குறை. பி 0340 என்று வந்தால் கேம் சென்சார் சுற்றுப்பாதையில் குறை. 'சுற்றுப்பாதை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் சென்சாரும் அடங்கும். கம்பியும், இணைப்பும், சில வேளைகளில் பற்சக்கரமும் அடங்கும். எண்ணைக் கண்டதும் சென்சாரை மாற்றிவிட்டால், கம்பியில் குறை இருந்த வீட்டாரின் பணம் வீணாகும்.

ஆகவே மாற்றுவதற்கு முன் சில கேள்விகள் கேட்கலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் தெரிகிறதா, அல்லது பூஜ்யமாகவே நிற்கிறதா? இணைப்பைக் கழற்றி, துருவோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்த்தீர்களா? கம்பியை நீளப் பார்த்தீர்களா? சுருள் வகையானால் அதன் மின்தடை தயாரிப்பாளர் குறித்த அளவில் இருக்கிறதா? ஹால் வகைக்கு இந்தத் தடைச் சோதனை பொருந்தாது. அதற்கு மின்சாரம் வந்து சேர்கிறதா, அடையாளம் வெளியே போகிறதா என்றே பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பி 0016 என்னும் எண். கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதே இதன் பொருள். இரண்டு சென்சார்களும் நன்றாயிருந்தே இது வரக்கூடும். இரு தண்டுகளையும் பிணைக்கும் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம், சங்கிலி தளர்ந்திருக்கலாம். கடிகாரம் ஆறு என்கிறது. ஜன்னலுக்கு வெளியே உச்சிவெயில் அடிக்கிறது. அப்போது ஜன்னலை மாற்றிப் பயனென்ன? பல எஞ்சின்களில் பெல்ட் மேலும் தாவினாலோ அறுந்தாலோ, திறந்திருக்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதி எஞ்சினே பாழாகும். சென்சாரின் விலை சிறிது. எஞ்சினின் விலை பெரிது. இந்த எண் வந்தால் காரை ஓட்டாமல் பெல்ட்டை முதலில் பார்க்கச் சொல்வதே அறிவுடைமை. பெல்ட்டைத் தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டரில் தவறாமல் மாற்றுவது அதைவிட அறிவுடைமை.

சாலையில் நின்றுவிட்டால்

ஓடும்போது எஞ்சின் நின்றால் பதறக்கூடாது. ஸ்டியரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். இரு கையாலும் உறுதியாகப் பிடிக்கவேண்டும். பிரேக் வேலை செய்யும். ஆனால் அதற்கு உதவும் வெற்றிட விசை ஓரிரு முறை மிதிப்பதற்கே மிஞ்சியிருக்கும். ஆகையால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தவேண்டும். கார் நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்கக்கூடாது; எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டு, இருக்கும் வேகத்திலேயே இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்தவேண்டும். அனைவரும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்கவேண்டும். சிறிது நேரத்தில் கார் மீண்டும் கிளம்பினாலும், 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடலாகாது. ஒருமுறை நின்றது மறுமுறையும் நிற்கும். அப்போது அது ரயில்வே கேட்டின் நடுவாகவும் இருக்கலாம்.

முடிவாக ஒன்று சொல்வோம். எவ்வளவு வலிமையுள்ள எஞ்சினும், தான் எங்கே நிற்கிறது என்பது தெரியாவிட்டால் ஓர் அடிகூட நகராது. அதை அறிய அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று பாகையைச் சொல்கிறது. மற்றது பொழுதைச் சொல்கிறது. பாரடேயும் ஹாலும் ஆய்வுக்கூடத்தில் கண்ட இரண்டு சிறு உண்மைகள் இவ்வேலைக்குப் போதுமானவையாக இருக்கின்றன. அடுத்த முறை காந்தத்தையும் சுருளையும் வரையும்போது, தோழியரே, அதன் பக்கத்தில் இரண்டு பற்கள் குறைந்த ஒரு சக்கரத்தையும் மனத்தில் வரைந்து பாருங்கள். உங்கள் வீட்டுக் காரின் எஞ்சின் விளக்கு எரியும் நாளில், பட்டறையில் கேட்கவேண்டிய கேள்வியை நீங்களே கேட்பீர்கள்.

அறிவியல் மன்ற மாணவியர்